நெரிசல் காரணமாக இந்த நடையில் எழுதத் தடை

தென்காசி மாவட்டத்தில் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள், தாங்கள் எந்த எழுத்தாளரைப் போல எழுத விரும்புகிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, உரிய அனுமதி பெற்ற பிறகே எழுத வேண்டும் என்கிற நடைமுறை இந்தச் சாரல் சீசனில் அமலுக்கு வந்தது. மிக நல்ல நடைமுறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு அதிகாரிகள் என்றால் பயம்.

எனக்குப் பொதுவாகவே பயம் உண்டு. பல்லி பயம், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன் பயம், குக்கரில் விசில் வராவிட்டால் ஒரு பயம், வந்துவிட்டால் இன்னொரு பயம். பாப்பா பிறந்த பிறகு இவை எல்லாம் சில்லறைப் பயங்களாகிவிட்டன. மொத்தப் பயம் ஒன்றே ஒன்றுதான். பாப்பா தூங்குகிறாளே, மூச்சு விடுகிறாளா? தெரிந்துகொள்ள ஒரே வழி மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பது. வைத்தால் விரலில் ஒரு சின்னச் சூடு படும். பட்டதும் நிம்மதி. விரலை எடுத்ததும் நிம்மதி போய்விடும். மறுபடி வைப்பேன்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஜெஸ்வினுக்கு ஆலங்குளத்தில் மோட்டார் பம்பு கடை. "நல்லா ஓடுற மோட்டார சும்மா சும்மா கை வச்சுப் பாக்கக் கூடாது ரூபி" என்றார். மாமியார் சபையின் ஜெபக் குறிப்பில் 'மனக்கலக்கம்' என்ற தலைப்பில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. கதையாக எழுதிவிட்டேன். ஒரு கையால் எழுதி, மறு கையால் மூக்கைப் பார்த்து எழுதிய கதை. அதைச் சாரல் விழா மேடையில் வாசித்தால் கூட்டத்தில் ஒருத்தியாவது "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்வாள். அந்த ஒருத்தியைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் என்னென்னவோ காரணங்களுக்காக எழுத்தாளர் ஆகிறார்கள். நான் இதற்காக ஆனேன்.

நடைமுறை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். போன வருடம் குற்றாலத்தில் சாரல் விழாவை ஒட்டி நடந்த கதை வாசிப்பில், மேடையேறிய அத்தனை பேரின் கதையும் "சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது" என்று தொடங்கியது. நிஜமாகவே வெளியே பெய்துகொண்டுதான் இருந்தது, அது வேறு விஷயம். அத்தனை கதையிலும் ஒரு கறுப்புத் தேநீர் ஆறிப்போனது. சிறப்பு விருந்தினர் நடுவில் "இதோ வந்துவிடுகிறேன்" என்று எழுந்து போனார். சாயங்காலம் அவரை ஐந்தருவியில், உடம்பு முழுக்க எண்ணெயோடு கண்டுபிடித்தார்கள். திரும்பி வர மறுத்துவிட்டார்.

விசாரணை நடந்தது. எல்லோரும் தொல்காடன் என்ற ஒரே எழுத்தாளரைப் போல எழுத முயன்றதே காரணம் என்று தெரியவந்தது. "அளவுக்கு மீறிய கூட்டம் ஓரிடத்தில் கூடியதால் நேர்ந்த அசம்பாவிதம். அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை" என்றது அறிக்கை. கூட்டம் என்று எழுதிவிட்டதால், கூட்டம் தெரிந்த ஆளைத்தானே போட வேண்டும்? அருவிக்கரையில் பல வருடமாகக் குளிக்கிறவர்களை வரிசைப்படுத்தி வந்த சங்கரநாராயணன் சாருக்கு மாற்றல் உத்தரவு போயிற்று. கழுத்தில் தொங்கிய விசிலோடு வந்து பொறுப்பேற்றுக்கொண்டார்.

அவருக்காகக் குற்றாலத்தில் 'எழுத்து நடை நெறிப்படுத்தும் தற்காலிகப் பிரிவு' திறந்தார்கள். முன்பு அது பெண்கள் உடை மாற்றும் அறை. சுவரில் துணி மாட்டும் கொக்கிகள் அப்படியே இருந்தன. அவற்றில் எழுத்தாளர்களின் படங்களை மாட்டிவிட்டார்கள்.

செய்தி வந்ததும் எங்கள் எழுத்தாளர் வாட்ஸப் குழு கொதித்துப்போயிற்று. நடைமுறையை எதிர்த்து என்று நினைக்க வேண்டாம். யார் முதலில் போவது என்று. என் சிநேகிதி முத்துசெல்வி போன் செய்தாள். தென்காசியில் ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைக்கிறாள். ஊசி கோர்க்கும் நேரத்தில் கதை எழுதுகிறாள்.

"ஏட்டி ரூபி, நீ யாரு மாதிரி எழுதப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல. நீ?"

"எனக்குத் தொல்காடன விட்டா வேற ஆளு கிடையாது."

"படிச்சிருக்கியா?"

"அத வேற படிச்சிட்டு உக்காந்திருந்தா அவரு மாதிரி எப்பம் எழுதுறதுட்டி? அதான் தெனமும் ஸ்டேட்டஸ்ல அவரு வரி வருதுல்லா. நீ என்னத்தப் படிச்சிருக்க?"

நான் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. நான் படித்தது கான்வென்ட்டில். அங்கே தமிழில் பேசிவிட்டால் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டுவார்கள். அடுத்து எவளாவது தமிழ் பேசி மாட்டும் வரை அது நம் கழுத்தில்தான் இருக்கும். நான் பயந்தவள், அதனால் ஆங்கிலத்திலும் பேசவில்லை. அப்படி வளர்ந்தவள் இப்போது தமிழில் எழுத்தாளர். தமிழ் எழுத்தாளர்களின் பெயரெல்லாம் நன்றாகத் தெரியும். பெயர்களைச் சரியான இடத்தில் சொல்லி, பெருமூச்சு விடவும் தெரியும். குழுவில் இதுவரை யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. ஒருவர் கேட்டால் அடுத்தவர் அவரையும் கேட்டுவிடுவார் இல்லையா?

சனிக்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். வரிசையில் எனக்கு முன்னால் கைலாசம் அண்ணாச்சி நின்றார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறவர். இலக்கியத்துக்காகத் தாடி வளர்த்திருந்தார். மண்டியில் அதனால் அவரிடம் கடன் கேட்கக்கூட ஆட்கள் பயப்படுவதாகச் சொன்னார்.

உள்ளே சங்கரநாராயணன் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உதவியாளர் உமா மகேஸ்வரி, கழுத்தில் மாட்டுகிற அட்டைகளை நாடாவில் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மாதிரி எழுதணும்?" என்றார் சார்.

"தொல்காடன் சார்" என்றார் அண்ணாச்சி.

சார் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். பாப்பா திடுக்கிட்டாள். நானும்தான். "போர்டு பாக்கலியா? தொல்காடன்ல தடை. நெரிசல்."

பார்த்தோம். தொல்காடன் படத்துக்கு மேல் சிவப்பு அட்டை தொங்கியது.

"நான் ஒரு ஓரமா நின்னு எழுதிக்கிடுதேன் சார்."

"எல்லாவனும் இதத்தான் சொல்லுதான். ஓரமா நிக்கேன், தலைய மட்டும் காட்டிட்டு வந்திருதேன். உள்ள போனா வெளிய வர மாட்டேங்கான். போன வருசம் பாத்தீருல்லா?"

"தாடி வளத்துட்டேனே சார்."

"தாடிக்கு அந்தகாரன் இருக்கு. காலியா கெடக்கு, தாராளமா எழுதலாம்."

"அவரு எழுதுறது ஒண்ணும் புரியாதே சார்."

"அதான் காலியா கெடக்கு."

"புரியாம அது மாதிரி எப்படி சார் எழுதுறது?"

"நீரு எழுதும். புரிஞ்சிட்டுன்னா திரும்பி வாரும், பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி கழுத்தில் அந்தகாரன் அட்டையோடு, பாதி சந்தோஷமாகப் போனார். அடுத்தது நான்.

"நீங்க எந்த நடைம்மா?"

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். கதையை நீட்டி, "என் நடையிலதான் சார் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

"உங்க நடைன்னா?"

"நான் எப்பிடி பேசுவேனோ அப்பிடி."

சார் சுவரைப் பார்த்தார். கொக்கி கொக்கியாகப் பார்த்தார். "அப்பிடி ஒரு அருவி நம்ம பட்டியல்ல இல்லையேம்மா."

"அருவியா சார்?"

"மலைக்குள்ள அங்கங்க தண்ணி விழத்தான் செய்யும். எல்லாத்துலயும் போயி தலையக் குடுக்க முடியுமா? புடிக்கக் கம்பி கிடையாது, காவலுக்கு ஆளு கிடையாது, பாறை வழுக்கும். இதுவர ஒருத்தரும் நிக்காத எடத்துல நீங்க மட்டும் போயி நிக்கலாமா, அதுவும் கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு? ஏதாவது ஆச்சின்னா யாரு பொறுப்பு?"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் நடையில் எத்தனை இடத்தில் வழுக்கியிருக்கிறேனோ என்று நினைத்ததும் உள்ளங்கால் கூசியது.

"அப்பம் மௌனப்பிரியா குடுங்க சார்."

மௌனப்பிரியாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இலக்கியக் காரணம் உண்டு. அவர் ஒரு வரிக்கு ஒரு சொல்தான் எழுதுவார். பாப்பா எழும்புவதற்குள் ஒரு வரியை முடித்துவிடலாம்.

"நல்லது. பெண்கள் பக்கம். இப்பம் கூட்டம் கம்மி" என்று கதையை வாங்கிப் படித்தார். "முற்றுப்புள்ளி நெறைய கெடக்கே. அவங்களுக்கு முற்றுப்புள்ளி ஆகாது. ஒரு புள்ளி வைக்கிற எடத்துல மூணு வைங்க. இது யாரு, இந்தக் கொழந்தை?"

"என் பாப்பா சார்."

"இடுப்புல இருக்கத கேக்கல. கதையில இருக்கது."

"அதுவும் பாப்பாதான் சார்."

"மௌனப்பிரியா கதையில கொழந்தை உண்டாம்மா?" என்று உமா மகேஸ்வரியைக் கேட்டார்.

"இல்ல சார். ஒரு பூனை உண்டு."

"பாத்தீங்களா? கொழந்தை இருந்தா அப்புறம் மௌனம் எங்கன இருக்கும்?"

அந்த நேரம் பார்த்து பாப்பா வீறிட்டாள். சார் கையை விரித்துக் காட்டினார். சாட்சியே எதிராகப் போய்விட்டது.

"கொழந்தைய எடுத்துட்டுப் பூனைய வச்சிக்கிடுங்க."

"பூனைக்கு மூச்சு வருதான்னு எதுக்கு சார் பாக்கணும்? அது பாட்டுக்குத் தூங்கும்."

அவர் யோசித்தார். நல்ல மனிதர், உதவத்தான் பார்த்தார். "அப்பம் உங்க மூக்கையே வச்சிக்கிடுங்க."

அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதினேன்.

விரல்…
மூக்கு…
என்னுடைய…
காற்று…
வரும்… போகும்…

சார் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அருமைம்மா. ஒண்ணுமே மிச்சமில்ல."

உமா மகேஸ்வரி என் கழுத்தில் மௌனப்பிரியா அட்டையை மாட்டினார். பழைய தாளைப் பார்த்தார், புதிய தாளைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. நாடா மட்டும் முன்பைவிட நல்ல நாடா.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "இப்பம் ஒன் மூக்கத்தான் பாக்கியா? தேவலையே" என்றார் ஜெஸ்வின். மாமியார் என் பெயரை 'மனக்கலக்கம்' பகுதியிலிருந்து எடுத்து 'ஸ்தோத்திரம்' பகுதிக்கு மாற்றினார்கள். மௌனப்பிரியா மாதிரி எழுதுகிறவர்கள் நூல்சேலை கட்டி, பெரிய பொட்டு வைப்பது வழக்கம். சேலை வாங்கிவிட்டேன். பொட்டு பற்றிக் கேட்டதும் மாமியார் மறுபடி ஜெபக் குறிப்பை எடுத்தார்கள். பொட்டை விட்டுவிட்டேன். இலக்கியத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

விழா நாள் வந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அரங்கத்து ஒலிபெருக்கிகளை அருவி வரைக்கும் கட்டியிருந்தார்கள். தொலைந்துபோன பிள்ளைகளையும் செருப்புகளையும் அறிவிக்கிற அதே ஒலிபெருக்கிகள். இலக்கியம் குளிக்கிறவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது சாரின் ஏற்பாடு. சிறப்பு விருந்தினர் தப்பி ஓடாதபடி நடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் தூக்கத்தின் வழியாகத் தப்பித்துவிட்டார்.

முதலில் கைலாசம் அண்ணாச்சி. மைக் முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, கனத்த குரலில் வாசித்தார்.

"மூணு பெட்டி அழுகல். ஒண்ணு உருண்டது. ராயகிரி வண்டி வரவில்லை. இனி வராது."

அரங்கம் உறைந்துபோயிற்று. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். கைதட்டல் நிற்கவே இல்லை. இறங்கி வந்த அண்ணாச்சிக்கு முகம் வெளிறியிருந்தது. "தாளு மாறிப் போச்சும்மா. அது நேத்துள்ள தக்காளி லோடு" என்றார் என் காதில். "ராயகிரிக்காரன் போனையே எடுக்க மாட்டேங்கான்."

அடுத்து என் பெயர். முன்வரிசையில் இருந்த முத்துசெல்வியிடம் பாப்பாவைக் கொடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மேடையேறி, நூல்சேலையைச் சரிசெய்து, தொடங்கினேன்.

"விரல்…"

மௌனப்பிரியா முறைப்படி, மூன்று புள்ளிக்கு மூன்று மூச்சு நேரம் சும்மா நிற்க வேண்டும். நின்றேன்.

"மூக்கு…"

மறுபடி நின்றேன். நிற்கும்போது கண் வேறெங்கே போகும்? முன்வரிசைக்குத்தான். சாரல் படாமலிருக்க முத்துசெல்வி பாப்பாவின் முகத்தின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். முழுசாக. நல்ல தடித்த தேங்காய்ப்பூத் துண்டு. பாப்பா அசையவே இல்லை.

அதற்குப் பிறகு நான் மைக்கில் கத்தியது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"ஏட்டி முத்துசெல்வி! பிள்ள மூஞ்சில எதுக்குட்டி துண்டப் போட்ட? எடுட்டி அத! மூக்குக்குக் கீழ விரல வச்சுப் பாரு, மூச்சு வருதா? அப்பிடி இல்லட்டி, லேசா வையி, நகம் பட்டிராம. சூடு தெரியுதா? தெரியுதா இல்லையா, சொல்லித் தொலையேம்ட்டி!"

அரங்கத்தில் பிள்ளை வைத்திருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். பிள்ளை இல்லாத ஒருவர் சிறப்பு விருந்தினரின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். குரல் ஒலிபெருக்கி வழியாக அருவிக்கும் போய்விட்டது. பெண்கள் பக்கம் நின்றவர்கள் அப்படியே கரைக்கு ஓடிவந்து, ஈர விரலைத் தங்கள் பிள்ளைகளின் மூக்கில் வைக்க, அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக அழுதார்களாம்.

"வருதுட்டி! நல்லா வருது!" என்று முத்துசெல்வி கத்தினாள். அரங்கமே மூச்சு விட்டது.

சங்கரநாராயணன் சார் விசிலோடு மேடைக்கு ஓடிவந்தார். "மௌனப்பிரியா அனுமதிய வாங்கிட்டு இப்பிடிக் கத்தலாமாம்மா? வெளிய வாங்க!" ஆனால் அதற்குள் சிறப்பு விருந்தினர் விழித்துவிட்டார். மூக்குக்குக் கீழே இருந்த விரல்தான் எழுப்பியிருக்க வேண்டும். எழுந்து நின்று கைதட்டினார். "எழுபது வருடத் தமிழ்க் கதையில் இப்படி ஒரு நடையை நான் கேட்டதில்லை" என்றார். அந்த எழுபது வருடத்தில் எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

பெரியவர் கைதட்டிவிட்டால் அதை ஒழுங்குபடுத்தித்தானே ஆக வேண்டும்? மறுநாளே 'ரூபி நடை' அங்கீகரிக்கப்பட்டது. சுவரில் புதிய கொக்கி அடித்து, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கும் என் படத்தை மாட்டினார்கள். ஜெஸ்வின் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அச்சு அசல் வீட்டில் இருப்பது மாதிரியே இருப்பதாகச் சொன்னார்.

குழுவில் வாழ்த்து குவிந்தது. 'மிரட்டல் நடை' என்றார்கள். 'அந்த ஏட்டியை எங்கே பிடித்தீர்கள்' என்றார்கள். 'குரலை உடைத்த இடம் உலகத்தரம்' என்றார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். "எனக்கும் அப்படித்தான்" என்று ஒருத்தியும் எழுதவில்லை. விரலை வைத்துப் பார்த்த அத்தனை பேரும் இப்போது நடையைப் பற்றித்தான் பேசினார்கள்.

பிறகு எல்லோரும் பயப்பட ஆரம்பித்தார்கள். இரண்டாவது வாசிப்பு சீசன் முடிவதற்குள் என்று அறிவித்திருந்தார்கள். குழுவில் எழுத்து நின்றுபோய், ஆளுக்கு ஆள் கத்தி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள்தான் வந்தன. ஒருவர் 'அச்சத்தை உச்சரிப்பது எப்படி' என்று ஜூமில் வகுப்பு எடுத்தார். கைலாசம் அண்ணாச்சி தாடியை எடுத்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி பயம்?" என்றேன்.

"ஏம்மா, தக்காளி வெலையப் பாத்தியா? ஒன்னவிட எனக்கு நல்லாவே வரும்" என்றார்.

முத்துசெல்வி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஏட்டி, பாப்பாவ ஒரு நா குடேன். பயந்து பாத்துட்டுக் கொண்டாந்து தாரேன்."

நான் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு இன்னும் அந்த ஒருத்தி கிடைக்கவில்லை. அதனால் பழைய கதையை, பாப்பாவைத் திரும்ப உள்ளே வைத்து, கத்தாமல், மெதுவாக, முதலிலிருந்து எழுதினேன். இப்போது என் நடை பட்டியலில் இருக்கிறதே, என்ன பயம்? தைரியமாக அலுவலகத்துக்குப் போனேன். வரிசை அடுத்த தெரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை வரை நின்றது. நின்று, என் முறை வந்து உள்ளே நுழைந்ததும் சார் விசில் ஊதினார்.

என் படத்துக்கு மேல் சிவப்பு அட்டை தொங்கியது.

"ரூபி நடையில தடைம்மா. நெரிசல்."

"சார், நாந்தான் ரூபி."

"தெரியும்மா. அதுக்காக உங்கள மட்டும் விட முடியுமா? மத்தவங்க கேக்க மாட்டாங்களா? மௌனப்பிரியா பக்கம் போங்க, அங்க இப்பம் ஈ காக்கா இல்ல."

"ஒரே ஒரு கதை சார். படிச்சாவது பாருங்க."

இரக்கப்பட்டுப் படித்தார். முடித்ததும் முகத்தில் ஒரு வருத்தம். "இது ரூபி மாதிரியே இல்லையேம்மா. கத்தலக் காணும். ஒரு எடத்துல கூட 'ஏட்டி' இல்ல. உங்களுக்கு அந்த நடை இன்னும் புடிபடல. முத்துசெல்வின்னு ஒருத்தங்க நேத்து எழுதிக் காட்டுனாங்க. அசல் ரூபி. அவங்ககிட்ட கேட்டுப் படிச்சிக்கிடுங்க."

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்டேன். "பயம் அடிவயித்துல இருந்து வரணும்ட்டி, நீ தொண்டையில இருந்து பயப்படுத" என்று முத்துசெல்வி இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாள். சமையலறையில் நின்று என்னைப் போலவே கத்திப் பழகினேன். மாமியார் 'ஸ்தோத்திரம்' பகுதியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மறுபடி போய் எழுதிக் காட்டினேன். "இப்பம் கொஞ்சம் தேறியிருக்கு. ஆனா பாத்து எழுதுனது தெரியுது" என்றார் சார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பாப்பா மடியில் தூங்கிவிட்டாள். வழக்கம்போல் விரல் தானாகப் போயிற்று. பக்கத்தில் யாரோ நிற்பது போலிருந்து நிமிர்ந்தேன். உமா மகேஸ்வரி. கையில் ஒரு அட்டை.

"எம்மவனுக்கு மீசை மொளச்சிட்டு" என்றார், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மிக மெதுவாக. "இன்னும் வச்சுப் பாக்கேன்."

"நெசமாவாக்கா?"

"முழிச்சிட்டான்னா, கொசு அடிச்சேன்னு சொல்லிருவேன்."

இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் அலுவலகக் குரலுக்கு மாறினார். "அந்தகாரன்ல வாங்கிக்கிடுங்கம்மா. அங்க யாரும் சோதிக்க மாட்டாங்க. நீங்க என்னத்த எழுதுனாலும் அவரு நடைன்னு நெனச்சிக்கிடுவாங்க." சொல்லிக்கொண்டே அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் தேடிய அந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள். அத்தோடு எழுதுவதை விட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பாப்பா மூக்கில் விரலை வைத்தபோது, 'விரலில் ஒரு சின்னச் சூடு படும்' என்று ஒரு வரி மனதில் ஓடியது. நல்ல வரி. 'சின்னச் சூடா, இளஞ்சூடா' என்று யோசித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டேன். மூச்சு வந்ததா என்று பார்க்கவே இல்லை. பதறிப்போய் மறுபடி வைத்தேன். வந்துகொண்டிருந்தது. சின்னச் சூடுதான்.

நீங்கள் இதுவரை வாசித்த கதை, அந்தகாரன் நடையில் எழுத முறைப்படி அனுமதி பெற்றது. ஆகவே உங்களுக்குப் புரிந்துவிட்டிருந்தால் தயவுசெய்து வெளியே சொல்ல வேண்டாம், அனுமதி ரத்தாகிவிடும். வாசிக்கும்போது நடுவில் எழுந்துபோய் யாருடைய மூக்குக்குக் கீழாவது விரல் வைத்துப் பார்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டாம்.

கொசு அடித்தேன் என்று சொல்லிவிடுங்கள்.